பாஸ்கெட்பால் சோறு போடுமா? வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி முடிந்து பந்துகளை வலைப்பையில் போட்டுக் கட்டும் நேரத்தில்தான் அம்மாக்கள் பக்கத்தில் வந்து நிற்பார்கள். கொருக்குப்பேட்டை, காசிமேடு, எர்ணாவூர், வியாசர்பாடி என்று பல பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள். கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள். பள்ளி, கல்லூரி, மாநிலம் என்று ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போய், பதினோரு வருடம் டிபார்ட்மென்ட் டீமில் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை ஓட்டுகிறவளாக, ஆடினேன். இப்போது ஆபீஸ் முடிந்ததும் கோர்ட்டுக்கு வந்துவிடுகிறேன். அவசரத்தில் ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

"பாஸ்கெட்பால் ஆடினா சோறு போடுமா, மேடம்?"

போடும். ஆனால் நீங்கள் டிவியில் பார்க்கும் கிரிக்கெட் மாதிரி ஏலம் விட்டு, கோடியில் எடுத்துப் போடாது. வருடம் முழுக்க ஓடும் பெண்கள் தொழில்முறை லீக் நம் நாட்டில் இல்லை. இங்கே ஒரு பெண் ஆட்டத்தை நம்பி வாழ்கிறாள் என்றால், பெரும்பாலும் ஒரு டிபார்ட்மென்டில் வேலையில் இருந்துகொண்டு அந்த டீமுக்கு ஆடுகிறாள் என்று பொருள். ரயில்வே, போலீஸ், மின்வாரியம், வருமான வரி என்று மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். பெண்கள் கூடைப்பந்தில் பெரிய முதலாளி ரயில்வேதான். சீனியர் நேஷனல்ஸில் பல வருடங்களாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவதும் இந்தியன் ரயில்வேஸ் பெண்கள் அணிதான். நம் ஊரின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். கேரளத்தில் பிறந்த கீது அன்னா ஜோஸ் 2014-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். இருவருமே தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர்கள்தான்.

அதனால் மகள் "ப்ரோ ஆகணும்" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். அவளுக்கு முன்னால் இருப்பது ஒரு வேலை, அந்த வேலைக்குள் ஓர் ஆட்டம். மாதம் பிறந்தால் சம்பளம், பிறகு பென்ஷன், ரயில்வே என்றால் பாஸ், மருத்துவம் என்று எல்லாம் உண்டு. ஆனால் வாசல் குறுகலானது. ஒரு டிபார்ட்மென்ட் ஒரு வருடத்தில் பெண்கள் கூடைப்பந்துக்கு எடுப்பது ஓரிருவரைத்தான். சில வருடம் அறிவிப்பில் நம் ஆட்டமே இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

எத்தனை வயதில் ஆரம்பிக்கலாம்? என் பெண் குள்ளம்.

ஒன்பது, பத்து வயது நல்லது. பதிமூன்றில் வந்தவர்களும் ஸ்டேட் ஆடியிருக்கிறார்கள். உயரம் உதவும், அதை மறுக்க மாட்டேன். கூடை தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே உயரம்தான். ஆனால் ஐந்து பேரில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை ஓட்டுகிறவள் உயரமாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு ஐந்தடி மூன்று அங்குலம். எனக்கு ஆட்டம் கொடுத்தது இடது கை. வலது கைக்காரியான நான் ஒரு கோடை விடுமுறை முழுக்க இடது கையால் மட்டுமே பந்தைத் தட்டி ஓடினேன். சாப்பிடுவது தவிர எல்லாவற்றையும் அந்தக் கைக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கே போய் ஆடுவது? எங்கள் பள்ளியில் கோர்ட்டே இல்லை.

வட சென்னை என்றாலே பாக்ஸிங், கேரம், ஃபுட்பால் என்பார்கள். கேரமில் 2024 உலகக் கோப்பையை வாங்கிவந்த காசிமாவும் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான். கூடைப்பந்துக்கு நம் பக்கம் அவ்வளவு பேர் இல்லை, கோர்ட்டுகளும் குறைவு. இருக்கிற மாநகராட்சித் திடல்களில் சிமென்ட் தரைதான். கடல் காற்றில் ரிங் துருப்பிடித்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும், வலை ஆறு மாதம்கூடத் தாங்காது. ஆனாலும் சொல்கிறேன், ஆட்டத்தின் முதல் மூன்று வருடத்துக்கு இது போதும். நல்ல கோச் இருக்கிற மோசமான கோர்ட், கோச்சே இல்லாத மரத்தரையைவிட மேல்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் இன்னொரு வழி. வழக்கமாக 7, 8, 9, 11-ஆம் வகுப்பில் சேர்ப்பார்கள், செலக்‌ஷன் கோடையை ஒட்டி நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். வீட்டைவிட்டு அனுப்ப மனம் வராது, புரிகிறது. ஆனால் ஒரு அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடும் முழுத் தூக்கமும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விடுதிக்குப் போன என் பிள்ளைகள் ஆறு மாதம் கழித்து வந்து நின்ற தோற்றத்திலேயே பார்த்தேன்.

என்ன வாங்க வேண்டும்? செலவு அதிகமா?

பந்தும் ஷூவும் போதும். பெண்களுக்கு 6-ஆம் நம்பர் பந்து, சின்னப் பிள்ளைகளுக்கு 5. அண்ணனுடைய 7-ஆம் நம்பரைக் கொடுத்து அனுப்பாதீர்கள், விரல் எட்டாமல் தள்ளித் தள்ளி ஷூட் செய்யப் பழகிவிடுவாள், அதைத் திருத்த ஒரு வருடம் ஆகும். சிமென்ட் தரைக்கு ரப்பர் பந்து போதும். ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஓடுகிற ஷூ முன்பக்கம் போவதற்காகச் செய்தது. நம் ஆட்டத்தில் பக்கவாட்டில்தான் அதிகம் வெட்டித் திரும்புவோம், அதில் கணுக்கால் மடங்கிவிடும். பெரியமேடு ஸ்டேடியம் பக்கத்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், போன வருட மாடல் விலை குறைத்துக் கிடைக்கும்.

ஸ்கூல் டீமில் ஆடுகிறாள். அடுத்தது என்ன?

இரண்டு ஏணிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று பள்ளிக் கல்வித் துறையின் வழி. குறுவட்டம், மாவட்டம், மாநிலம், பிறகு தேசியப் பள்ளி விளையாட்டு. அதில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். இன்னொன்று கூடைப்பந்து சங்கத்தின் வழி. மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், பிறகு சப்-ஜூனியர், யூத், ஜூனியர், சீனியர் நேஷனல்ஸ். இரண்டிலும் பெயர் கொடுங்கள். ஒன்றில் கோச்சுக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் இன்னொன்று இருக்கும். முதல்வர் கோப்பையிலும் கூடைப்பந்து உண்டு.

ப்ளஸ் டூ முடிக்கும்போது கல்லூரிகளே தேடி வரும். நன்றாக ஆடுகிற பெண்ணுக்குப் படிப்பு, விடுதி, சாப்பாடு மூன்றையும் இலவசமாகக் கொடுக்கிற கல்லூரிகள் சென்னையில் இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் தனியாக உண்டு. எந்தக் கல்லூரி என்று என்னைக் கேட்டால், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகிற டீம் எது, அதில் முதல் ஐந்தில் இவளுக்கு இடம் கிடைக்குமா என்று இரண்டையும் பாருங்கள் என்பேன். பெரிய பெயருள்ள கல்லூரியில் பெஞ்சில் உட்காருவதைவிட, சின்னக் கல்லூரியில் முப்பது நிமிடம் ஆடுவது நல்லது.

'ஃபார்ம் டூ', 'ஃபார்ம் ஃபோர்' என்கிறார்களே, அது என்ன?

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வேலை வாங்கித் தருவது இந்தக் காகிதம்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போட்டியில் ஆடியதற்கான சான்றிதழை நான்கு படிவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியாவுக்கு ஆடியிருந்தால் படிவம் 1, தேசியக் கூட்டமைப்பு தரும். மாநிலத்துக்காக நேஷனல்ஸ் ஆடியிருந்தால் படிவம் 2, மாநிலச் சங்கம் தரும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3. தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. போட்டியில் கையில் கொடுக்கும் கலர் சர்டிபிகேட் வேறு, இந்தப் படிவம் வேறு. கப்பும் மெடலும் ஷோகேஸுக்கு. ஆட்டம் முடிந்த மாதத்திலேயே படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நான்கு வருடம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், பழைய பட்டியல் எங்கே என்று தேடுவார்கள்.

அப்புறம் இனிஷியல். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, நேஷனல்ஸ் சர்டிபிகேட்டில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து. இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க ஒரு அலுவலகத்தில் ஏழு முறை படி ஏறினேன். அதற்குள் அந்த வருட அறிவிப்பு முடிந்துவிட்டது. அந்த ஒரு வருடம் இன்றும் எனக்கு வலிக்கிறது. அதனால் பிள்ளையை முதன்முதலில் டோர்னமென்டுக்குப் பதிவு செய்யும்போதே பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடி, எழுத்து மாறாமல், பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எர்ணாவூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது. என்னிடம் பயிற்சி எடுத்த பெண் ஒருத்தியின் வீட்டில் சர்டிபிகேட்டுகள் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் இருந்தன. மூன்றாம் நாள் நான் போனபோது, மாடி வீட்டுக்காரர் கொடுத்த கொடியில் துணிக் கிளிப் போட்டு ஒவ்வொன்றாக மாட்டியிருந்தாள். பதினோரு காகிதங்கள். கறுப்பு விளிம்பு, உள்ளே மஞ்சள். சீல் தெரிகிறது, கையெழுத்து நீலக் கறையாகப் பரவிவிட்டது. அவள் அழவில்லை. ஒவ்வொன்றிலும் எந்த ஊர், எந்த வருடம், எத்தனை பாயின்ட் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே திருப்பித் திருப்பி மாட்டினாள். நகல் வாங்க நான்கு மாதம் அலைந்தோம். அதற்குப் பிறகு என்னிடம் வருகிற எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வது இதுதான்: ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, பரணில் வையுங்கள். போனில் ஸ்கேன் எடுத்து, உங்களுக்கே மெயில் அனுப்பிவையுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

ரயில்வே டிராயல்ஸில் என்ன பார்ப்பார்கள்?

மொத்தம் 100 மதிப்பெண். களத்தில் காட்டும் ஆட்டம், உடல் தகுதி, கோச்சின் மதிப்பீடு எல்லாம் சேர்த்து 40. இதுவரை சாதித்ததற்கு 50. படிப்புக்கு 10. வயது 18 முதல் 25 வரை. பலர் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. நடப்பு நிதியாண்டு, அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகள், இவற்றில் ஆடியதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பதினாறு வயதில் நேஷனல்ஸ் ஆடிவிட்டு, காலேஜில் விட்டுவிட்டு, இருபத்திரண்டில் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனால் பயன் இல்லை. ஆட்டம் தொடர்ந்து இருக்க வேண்டும். எந்தப் போட்டியில் எந்த இடம் பிடித்திருக்க வேண்டும் என்பது அறிவிப்பில் வரிவரியாக இருக்கும், அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

களத்தில் எதைப் பார்க்கிறார்கள் என்றால், பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறாய் என்பதை. நானும் சில வருடமாகத் தேர்வுகளின்போது ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். வருகிற எல்லோரும் தன் ஷாட்டைக் காட்டத் துடிப்பார்கள். ஷாட் போனதும் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தி மட்டும் திரும்பி, எதிராளியின் இடுப்பில் முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி, பந்து விழும் இடத்துக்குள் அவளை விடாமல் நிறுத்துவாள். பந்து எங்கோ விழும், வேறு யாரோ எடுப்பார்கள். ஆனால் பெஞ்சில் இருக்கும் கோச் அந்த நொடியில்தான் பேனாவை எடுப்பார்.

வேலை கிடைத்துவிட்டால் ஆட்டம் மட்டும்தானா? சம்பளம் எவ்வளவு?

மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு வகுத்தபடி லெவல் 1-இல் அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய், லெவல் 2-இல் 19,900, லெவல் 4-இல் 25,500, லெவல் 5-இல் 29,200. இதற்கு மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப் படியும் சேரும். லெவல் 4, 5-க்கு டிகிரி வேண்டும், 2, 3-க்கு ப்ளஸ் டூ. அதனால்தான் படிப்பை விடாதே என்று கத்துகிறேன். ஒரே டீமில், ஒரே அளவு ஆடுகிற இரண்டு பேருக்கு டிகிரி இருப்பதாலும் இல்லாததாலும் வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வேறாகிவிடும்.

டீமில் இருக்கும்வரை காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் அலுவலகம். கேம்பும் டோர்னமென்டும் வரும்போது சிறப்பு விடுப்பு கிடைக்கும். சர்வதேசப் பதக்கம் வந்தால் பதவி உயர்வுக்கும் வழி உண்டு.

அமெரிக்காவில் ஆட முடியாதா?

அங்கே பெண்களுக்கான தொழில்முறை லீக் டபிள்யூ.என்.பி.ஏ. அது 1996-இல் தொடங்கப்பட்டு 1997-இல் முதல் சீசன் ஆடியது. இந்தியாவிலிருந்து இதுவரை யாரும் அதில் ஆடவில்லை. மிக அருகில் போனவர் கீது அன்னா ஜோஸ். ஆஸ்திரேலியாவில் மெல்பர்னின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடிவிட்டு, 2011-இல் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ என்று மூன்று அணிகளின் டிராயல்ஸுக்குப் போனார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாசல்வரை நடந்து காட்டியவர் அவர்.

அங்கேயும் பல வருடம் பெண்களுக்குப் பணம் கொட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024-இல் அந்த லீக் அணிகள் புது வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாகத் தேர்வான கெய்ட்லின் கிளார்க்கின் முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். ஆண்கள் லீக்கில் முதல் ஆளாக வருகிறவருக்கு அது கோடிக்கணக்கில். அதனால்தான் பல வருடங்களாக அந்த வீராங்கனைகள் சீசன் முடிந்ததும் துருக்கி, ரஷ்யா, சீனா என்று பறந்து போய் அங்கேயும் ஆடினார்கள். டயானா டவுராசி 2015-இல் ரஷ்ய கிளப் கொடுத்த பணத்துக்காக அமெரிக்க சீசனையே விட்டுவிட்டு ஓய்வெடுத்தார். உலகத்திலேயே முதல் வரிசையில் இருந்த பெண்ணுக்கு அந்த நிலை.

நம் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய வழி அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப். பெங்களூருவின் சஞ்சனா ரமேஷ் அப்படித்தான் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆடினார். மார்க்கும் ஆங்கிலமும் வேண்டும், ஆட்டத்தின் வீடியோ வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே திட்டமிட வேண்டும்.

மூட்டு போய்விடும் என்கிறார்களே?

பயம் நியாயமானது. முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிவது, கோர்ட்டில் ஏ.சி.எல். என்போம், ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். யாரும் இடிக்காமலேயே நடக்கும். ரிபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் போதும். "டப்" என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம். எனக்கு 23 வயதில் அது நடந்தது. அறுவை செய்து திரும்பி வர பத்து மாதம்.

தயவுசெய்து அதற்குப் புத்தூர் கட்டுக்கும் எண்ணெய்த் தடவலுக்கும் போகாதீர்கள். இது எலும்பு முறிவு அல்ல, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள். வராமல் தடுக்க முடியுமா என்றால், பெருமளவு முடியும். எங்கள் கோர்ட்டில் பந்தைத் தொடும் முன் பதினைந்து நிமிடம் குதித்து இறங்கப் பழக்குகிறேன். இரண்டு காலில் இறங்கு, முழங்கால் கட்டைவிரலுக்கு நேராக இருக்கட்டும், பூனை மாதிரி சத்தம் இல்லாமல் இறங்கு. பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்கும். இருக்கட்டும்.

பீரியட்ஸ் நாளில் ஆடலாமா? ஷார்ட்ஸ்தான் போட வேண்டுமா?

ஆடலாம். வலி அதிகம் என்றால் சொல்லிவிட்டு உட்காரலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை என்றால் மட்டும் டாக்டரிடம் போங்கள். சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். இரத்தசோகையும் நம் பிள்ளைகளிடம் அதிகம். முருங்கைக்கீரை, கடலை, முட்டை கொடுங்கள். மீனில் வஞ்சிரம் வேண்டாம், மத்தியே போதும்.

உடைக்கு, உள்ளே முழுக்கால் டைட்ஸ் போட்டுக்கொள்ளலாம். தலையில் துணி கட்டி ஆடுவதை உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2017-இலிருந்து அனுமதிக்கிறது. மண்ணடியிலிருந்து வருகிற இரண்டு பிள்ளைகள் என்னிடம் அப்படித்தான் ஆடுகிறார்கள். ஊசி குத்தாத, இறுக்கமான துணியாக இருந்தால் சரி.

கல்யாணம் ஆகிவிட்டால்?

கேட்கிறவர்கள் அம்மாக்கள் இல்லை, பாட்டிகள். அனிதா பால்துரை கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடினார். அமெரிக்காவில் டபிள்யூ.என்.பி.ஏ. வீராங்கனை கேண்டஸ் பார்க்கர் 2009 மே மாதம் பிரசவித்து, அதே சீசனில் களம் இறங்கினார். அங்கே முழுச் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு லீக்கின் ஒப்பந்தத்தில் வந்தது 2020-இல்தான். நம் மத்திய அரசு வேலையில் 180 நாள் விடுப்பு முன்பே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் டிபார்ட்மென்ட் பிளேயர் முன்னால் நிற்கிறாள்.

திரும்பி வருவது உடம்பைவிட வீட்டைப் பொறுத்தது. நான் வந்தேன், ஏனென்றால் என் மாமியார் காலை ஐந்து மணிக்கு எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அந்த ஒரு கை இல்லாததால் நின்றுபோன மூன்று பேரை எனக்குத் தெரியும். மூவரும் என்னைவிட நன்றாக ஆடியவர்கள்.

3x3 என்பது தனி ஆட்டமா?

அரை கோர்ட், மூன்று பேர், 10 நிமிடம் அல்லது முதலில் 21 பாயின்ட், ஷாட்டுக்கு 12 நொடி. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து சேர்த்திருக்கிறார்கள். 2013 ஆசிய 3x3-இல் இந்தியப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். பன்னிரண்டு பேர் டீம் சேர்க்க முடியாத நம் பக்கத்துக்கு இது ரொம்பப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு ரிங் நன்றாக இருந்தால் போதும்.

எத்தனை வயது வரை ஆடலாம்? அப்புறம்?

முப்பது, முப்பத்திரண்டு வரை டீமில் இருப்பார்கள். டவுராசி 42 வயது வரை ஆடி 2025-இல் ஓய்வு பெற்றார், அது அபூர்வம். அதற்குப் பிறகு வேலை வேலையாகவே தொடரும். கோச் ஆக வேண்டுமானால் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் டிப்ளமா படிக்கலாம். ரெஃப்ரி தேர்வும் எழுதலாம், பெண் ரெஃப்ரிகள் நமக்குப் போதவில்லை.

சேர்க்க என்ன செய்ய வேண்டும்? கட்டணம்?

கட்டணம் இல்லை. திங்கள் தவிர தினமும் மாலை ஐந்தரைக்கு ஆரம்பிப்போம், ஏழே காலுக்கு முடிப்போம். முதல் நாள் ஷூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என் அலமாரியில் பழைய ஜோடிகள் ஆறு இருக்கின்றன. ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், தண்ணீர் பாட்டில் இவை மூன்றும் கொண்டு வாருங்கள். அம்மாவோ அப்பாவோ ஒருமுறையாவது உட்கார்ந்து முழுப் பயிற்சியையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும், சுவர் ஓரம் பெஞ்ச் போட்டிருக்கிறேன்.